சீட்டில் வைத்த பை

ஜெர்மனியில் ரயில் எனக்குக் கட்டுப்படியாகாது. எங்கே போனாலும் மலிவான பேருந்துதான். அன்று மதியம் மூன்று மணிக்கு வேறொரு ஊரில், ஓர் ஆய்வகத்தில் நேர்முகத் தேர்வு. அசல் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் பேருந்தில் ஏறியதும் ஜன்னலோர சீட்டில் சான்றிதழ்ப் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். அங்கே ஒரு பாட்டில் வாங்குகிற காசுக்கு ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான். சீட்டில் துண்டோ பையோ கிடந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் வராமல் பஸ்ஸை எடுக்கச் சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினால் பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது. கையை ஆட்டியபடி ஓடினேன். உள்ளே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம். ஆத்திரம் தாங்காமல் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். திராட்சைத் தோட்டத்தில் வேலையாக இருந்தாள்.

“ஏத்தா, கண்டக்டருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குனா என்ன?”

“இங்கன கண்டக்டரே கெடையாதும்மா.”

“கண்டக்டரு இல்லாம ஒரு பஸ்ஸா? பக்கத்துல இருந்தவுகளாச்சும் சத்தம் போட்டிருக்கலாம்ல?”

“எல்லாரும் காதுல ஒயர மாட்டிட்டு உக்காந்திருந்தாக.”

அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பிவிட்டாள். “அடியே, கேளுங்கடி! எம்மக பைய மட்டும் ஊருக்கு அனுப்பிட்டு ரோட்டுல நிக்கிறாளாம்!”

திராட்சைப் பந்தலுக்கடியில் ஒரே சிரிப்பு. போனை வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பஸ் போர்டு வாசிக்கத் தெரியாது. எது எங்கே போகிறதென்று ஆறு வயதிலிருந்து நான்தான் சொல்லிவந்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பா?

அந்த ஊரில் இறங்கியபோது இரண்டே கால். பேருந்து நிலைய அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் என் பை இருந்தது.

“அடையாள அட்டை?” என்றார் அலுவலர்.

“பாஸ்போர்ட் பைக்குள்தான் இருக்கிறது.”

“அடையாள அட்டை இல்லாமல் பையைத் தர முடியாது.”

“பையைத் தராமல் அடையாள அட்டையை எப்படிக் காட்டுவேன்?”

அதையே அரைமணி நேரம் மாற்றி மாற்றிப் பேசினோம். கடைசியில் அவரே பையைத் திறந்தார். மேலாக இருந்தது என் பட்டச் சான்றிதழ். அதிலிருந்த படத்தையும் என்னையும் இரண்டு முறை பார்த்துவிட்டுப் பையைத் தள்ளினார்.

ஆய்வகத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லோரையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். என்னென்னவோ கேட்டார்கள், சான்றிதழைத் தவிர. மின்னஞ்சலில் அனுப்பிய நகலே போதுமாம்.

எனக்குப் போதவில்லை. நானே எடுத்து மேசைமேல் வைத்தேன்.