மலேசியா பஸ் எங்கள் வாசலில் நிற்காத காரணம்

எனக்கு வாய் அதிகம். என் வீட்டுக்காரரிலிருந்து எங்கள் மேனேஜர் வரைக்கும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வாய்தான் ஒரு நாள் என்னைத் தண்ணீரில் தள்ளியது. நல்லவேளை, தள்ளியது.

கவரைப்பேட்டையைத் தாண்டி, ஆந்திரா போகிற ஹைவேயை ஒட்டினாற்போல் இருக்கும் தீம் பார்க்கில் எனக்கு வேலை. பெரிய பார்க் என்று சொல்ல முடியாது. ஒரு ராட்டினம், சில சறுக்குக் குழாய்கள், அலை அடிக்கிற குளம் ஒன்று, பின்பக்கம் மாமரங்களுக்கு நடுவே தங்கிப் போக அறைகள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நான் இருந்தது காஸ்ட்யூம் கவுண்டரில். நைலான் உடுப்பை வாடகைக்குக் கொடுக்க வேண்டும், ஈரமாகத் திரும்பி வருவதை வாங்கி ப்ளீச்சிங் பவுடர் தொட்டியில் போட வேண்டும். குளம் கண்ணுக்கு எதிரே இருக்கும். மேலே ஒரு சொட்டுப் படாமல் வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே நிற்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? அதுவும் ஏரியில் குதித்து வளர்ந்த எனக்கு!

குளத்தில் நிற்கிற வேலையை எனக்குக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். “அது லைஃப்கார்டு வேலைம்மா, பசங்க பார்த்துக்குவாங்க. பொம்பளைங்க தண்ணில நின்னுகினு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்பார்.

“ஏன் சார், காஞ்சு போய் நின்னாத்தான் நல்லா இருப்போமா?” என்று கேட்டுவிட்டு வருவேன். மறுபடி கவுண்டர், மறுபடி ஈர நைலான். கவுண்டரை விட்டுக் குளத்துக்குப் போக வேண்டும், எனக்கு இருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய கவலை. மலேசியாவிலிருந்து நம் தமிழ்க் குடும்பங்கள் லீவுக்கு டூர் வருவார்கள். கோயில் பார்ப்பார்கள், புடவை எடுப்பார்கள், பிள்ளைகளுக்காக ஒரு தீம் பார்க் போவார்கள். காளஹஸ்திக்குப் போகிற அவர்கள் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும், வரும். ஆனால் நிற்காது. நேராக மெட்ராஸுக்குள் புகுந்து, அதையும் தாண்டித் தெற்கே இருக்கிற பெரிய பார்க்கில் போய் இறங்கி, ரெண்டு நாள் தங்கியும் போவார்கள். பஸ் போகும்போதெல்லாம் மேனேஜர் வாசலில் நின்று, கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடப்பட்ட சம்பந்தி மாதிரி பார்ப்பார்.

“இன்னாத்துக்கு அங்க போறாங்க? அங்க இன்னா கீது, இங்க இன்னா இல்ல?” என்று எங்களையெல்லாம் கேட்பார். ராட்டினம் உயரம் போதவில்லை என்றான் ஒருவன். கக்கூஸ் சரியில்லை என்றான் இன்னொருவன். உடனே கக்கூஸுக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடித்தார். பிரெட், ஜாம், வெண்ணெய் என்று ஒரு தனி நாஷ்டா கவுண்டர் போட்டார். இட்லிக்கும் பரோட்டாவுக்கும் ஏங்கி வருகிற ஜனத்துக்கு இவர் ஜாம் தடவுகிறார்! பஸ் அப்போதும் நிற்கவில்லை.

கடைசியில் என்னையும் ஐஸ்கிரீம் கடையில் நிற்கிற பெண்ணையும் கூப்பிட்டார். அவள் ஆரம்பாக்கத்துக்காரி, என்னை விடச் சின்னவள். “நீங்க ரெண்டு பேரும் அந்தப் பெரிய பார்க்குக்கு ஒரு நாள் கஸ்டமர் மாதிரி போய்ட்டு வாங்க. மலேசியாக்காரங்க எதுக்கு அங்க போறாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. பொம்பளைங்க போனா யாருக்கும் சந்தேகம் வராது” என்றார். சம்பளத்தோடு தீம் பார்க்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காலையிலேயே ரயில் பிடித்து, அப்புறம் பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மாடி, என்ன பார்க் அது! நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் குழாய்கள். ஐஸ்கிரீம்காரி கடமையாகப் போன் எடுத்துத் தரையைப் படம் பிடித்தாள், குப்பைத் தொட்டியைப் பிடித்தாள், கக்கூஸ் கண்ணாடியையும் பிடித்தாள். நானும் அலைக்குளத்துப் படியில் நின்று உளவு பார்க்க ஆரம்பித்தேன்.

குளத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை, நீலக் காற்சட்டை, கழுத்தில் விசில். அங்கே வேலை செய்கிறவள். படியில் தயங்கி நின்ற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் பார்த்துவிட்டாள். “அக்கா, ஏன் கரையிலேயே நிக்கிறீங்க? யாரு திட்டப் போறாங்க? வாங்க!” என்று கையை நீட்டினாள்.

அவ்வளவுதான். நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. அலைக்கான சைரன் ஊதியது, அலை வந்தது, நான் போட்ட கூச்சல் கவரைப்பேட்டை வரை கேட்டிருக்கும். ஒரு அலை போதவில்லை, இன்னொன்று. குளம் போதவில்லை, குழாய். குழாயில் தலைகீழாக வந்து விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே மறுபடி வரிசையில் போய் நின்றேன். என் கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்தான் பேச்சுக் கொடுத்தாள். மலேசியாக்காரி, என் வயசு இருக்கும். புருஷன், பிள்ளைகள், சொந்தக்காரர்கள் என்று ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு வேலை ஞாபகம் வந்தது. ஏம்மா, எத்தனையோ பார்க் இருக்க, இங்கேயே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்த அக்காவுக்காகத்தான் லா” என்று குளத்துப் பக்கம் கை காட்டினாள். “மத்த எடத்துல எல்லாம் ஆம்பளைங்க விசில் ஊதிக்கிட்டு நிப்பாங்க. எங்களுக்கு வெக்கமா இருக்கும். பிள்ளைங்க துணியையும் பையையும் மடியில வச்சிக்கிட்டு நாள் பூரா உக்காந்திருப்போம். இங்க ஒரு பொம்பளை உள்ள நின்னு கூப்பிடுறாங்க, பயமில்லாம எறங்குறோம். டிக்கெட் எங்க வீட்டுக்காரர் வாங்குவார். ஆனா எங்க போறதுன்னு நாங்கதான சொல்லுவோம்?”

அவள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பார்க்கில் என் கவுண்டருக்கு வருகிறவர்கள் யார்? ஆண்களும் பிள்ளைகளும். பெண்கள் காஸ்ட்யூம் கேட்பதே அபூர்வம். நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒரு நாளும் யோசித்ததில்லை. பொறுப்பான ஆளாக இருந்தால் அதை மனசில் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் வாய் சும்மா இருக்குமா?

“எங்க பார்க்குலயும் தண்ணில பொம்பளை கீதும்மா! காளஹஸ்தி ரோட்டுலதான் எங்க பார்க்கு!”

“அப்படியா? யாரு?”

“நான்தான்!”

“அட, நாங்க நாளை மறுநாள் காளஹஸ்தி போறோம். திரும்பி வர்றப்ப உங்க பார்க்குக்கு வர்றோம். நீங்க தண்ணில இருப்பீங்கதானே?”

“நான் இல்லாம வேற யாரு?” என்று சொல்லி, டூர்காரரின் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

பின்னால் நின்ற ஐஸ்கிரீம்காரி என் இடுப்பில் கிள்ளினாள். “இன்னாக்கா, வாய் கூசாம சொல்லிகினு கீற! நீ காஸ்ட்யூம் கவுண்டர்க்கா!”

மறுநாள் காலை மேனேஜர் ரூமில் நின்றோம். அவள் போனில் இருந்த குப்பைத் தொட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். “நீ இன்னாம்மா பார்த்த?”

“ஒண்ணும் பார்க்கல சார். விளையாடிகினே இருந்துட்டேன்.”

“விளையாடுனியா? அதுக்கா உன்ன அனுப்புனேன்?”

“ஒரு பொண்ணு தண்ணில நின்னுகினு கூப்ட்டா சார், எறங்கிட்டேன். மலேசியாக்காரங்களும் அதுக்குத்தான் அங்க போறாங்களாம்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். என் வாக்குறுதியையும் சேர்த்துத்தான். நாளைக்கு பஸ் வருகிறது என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. தண்ணீரில் நான் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பேஜாரு பண்ணிட்டியேம்மா! யாரக் கேட்டு சொன்ன?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “யாரக் கேக்கணும் சார்? உங்களத்தான் கேட்டுகினே கீறேன், வருஷக்கணக்கா! கக்கூஸுக்கு பெயின்ட் அடிக்கத் தெரியுது, ஒரு பொம்பளைய தண்ணில எறக்கத் தெரியலையா?” என்று கத்திவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் ஜன்னல் வழியாக ஹைவேயை எட்டிப் பார்த்தார். அப்புறம், “நாளைக்கு ஒரு நாள். பசங்க டெஸ்ட் வைப்பாங்க, அதுல பாஸ் ஆவணும். வர்றவங்க மூஞ்சி சுளிச்சாங்கன்னா நீ கவுண்டருக்குப் போய்டணும், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது” என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

லைஃப்கார்டு பசங்களுக்குத் தலைவனாக இருக்கிறவன் எங்கள் சமையல்காரரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இழுத்துக் கரை சேர்க்கச் சொன்னான். அந்த மனுஷனோ ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார். முடியைப் பிடித்து இழுக்கலாம் என்றால் முடியும் இல்லை. தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். கரையில் நின்று மொத்தப் பார்க்கும் விசிலடித்தது. சமையல்காரர் மட்டும், “மெதுவாம்மா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது” என்று புலம்பிக்கொண்டே கரை சேர்ந்தார். நான் பாஸ்.

சாயந்தரம் ரோலிங் மில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடத் தயாராக நின்றேன். அவரோ, “மூக்குத்திய கழட்டி ஊட்டுலயே வெச்சிட்டுப் போமே, தண்ணில போய்டப் போவுது” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. எனக்கு அவர்மேல் ஆசை ஆசையாக வந்தது.

மறுநாள் மத்தியானம் பஸ் உள்ளே நுழைந்தது. மேனேஜர் சந்தனம், கல்கண்டு எல்லாம் வைத்திருந்தார். அதோடு விட்டாரா? பெண்கள் சௌகரியமாக உட்கார வேண்டும் என்று குளக்கரையில் குடை நட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து மெத்தை நாற்காலி வரவழைத்துப் போட்டிருந்தார். மரியாதையாம்! நான் நீலச் சட்டையில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு பார்க்கிறேன், வந்த பெண்கள் எல்லாரும் வரிசையாக அதில் உட்கார்ந்துவிட்டார்கள். மெத்தை நாற்காலியைப் போட்டால் யார்தான் உட்கார மாட்டார்கள்?

நல்லவேளை, வரிசையில் பேசிய அந்தப் பெண் என்னைக் கண்டுகொண்டாள். “அதோ நான் சொன்ன அக்கா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து குதித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அவளைப் பார்த்து ரெண்டு பேர் வந்தார்கள். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் காலி, ஒன்றைத் தவிர. அதில் அந்தப் பெண்ணின் அண்ணி உட்கார்ந்திருந்தாள். பருத்த உடம்பு, அதிகம் பேசாத முகம். எந்த ஊரிலும் இதுவரை அவள் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்றார்கள்.

நான் கரையோரம் போனேன். “வாம்மா” என்றேன்.

“வேணாம்மா. இந்த உடம்ப வச்சிக்கிட்டு எறங்கினா எல்லாரும் பாப்பாங்க.”

“உன்ன யாரு பாப்பாங்க? என் வாய்க்கு எல்லாரும் என்னத்தான் பார்த்துகினு கீறாங்க.”

சிரித்துவிட்டாள். சிரித்தால் பாதி வந்த மாதிரிதான். கையைக் கொடுத்தாள். முதல் படி, ரெண்டாம் படி, முழங்கால் அளவு. அந்த நேரம் பார்த்துச் சைரன் ஊதியது. பயந்துபோய்த் திரும்பி ஓடப் பார்த்தாள். நான் ரெண்டு கையையும் விடவில்லை. “என் தோளப் புடிச்சிக்க, உன்ன நான் உடமாட்டேன்” என்றேன். என் தோளில் பதிந்த அவள் நகங்கள் வலித்தன. அலை வந்து எங்கள் ரெண்டு பேரையும் தூக்கி இறக்கியது. ஐயோ என்று ஒரு கத்தல், அப்புறம் சத்தமே இல்லை. பயந்துவிட்டாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.

அதற்கப்புறம் அவளை வெளியே கொண்டுவர எங்களால் முடியவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், புருஷன் கூப்பிட்டுப் பார்த்தார், பஸ் டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், உதடு வெளுத்து, கடைசி ஆளாகப் படியேறினாள். மேனேஜர் துண்டோடு கரையில் தயாராக நின்றார்.

துண்டைப் போர்த்திக்கொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அடுத்த வருஷம் பிள்ளைங்க லீவுக்கு வர்றப்ப இங்கயே தங்கிடலாம்னு அவர்கிட்ட சொல்லப் போறேன். நீங்க இந்தத் தண்ணிலதானே இருப்பீங்க?”

எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா? என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேச வார்த்தை இல்லாமல் நின்றேன்.

“இங்கதாம்மா இருப்பாங்க” என்றார் மேனேஜர். “கவுண்டருக்கு நாளைலேர்ந்து வேற ஆளு.”