ரஹ்மத் அக்காவின் பத்தியம்

தொண்டியில் நான் ஆயுர்வேத கிளினிக் நடத்திய காலத்தில், பத்தியமே சொல்லப்படாத நோயாளிகூடப் பத்தியம் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் மீன் விற்கும் அம்மாவும் சேர்ந்து ஒன்றைத் தயார் செய்து கொடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ரஹ்மத் அக்கா கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அக்காவுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்கும் நோய். மதுரை ஸ்பெஷலிஸ்ட் கொடுத்த வாராந்திர மாத்திரை அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. காலை விறைப்புக்கும் தூக்கமின்மைக்கும்தான் என்னிடம் வந்தார். மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் மருமகள் கழுத்தில் மாமியார்தான், தாலி போன்ற கருகமணியைக் கட்ட வேண்டும்.

"என் கையாலதான் கட்டணும் டாக்டரம்மா. ஏலாதுன்னு நாத்தனாகிட்ட குடுத்தா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

"கட்டலாம்க்கா. ஆனா மதுரை மாத்திரைய மட்டும் விடக் கூடாது. என் வைத்தியம் அதுக்குத் துணைதான்" என்றேன். பலமாகத் தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் இரண்டு கையும் வீங்கிச் சிவந்து வந்து நின்றார். கைப்பையைக் கணவர் காசிம் பாய் தூக்கி வந்தார்.

"என்னக்கா சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிட்டேன்? மீன், புளி, கத்திரிக்கா எல்லாத்தையும் விட்டுட்டேன். பத்தியம்ல."

"எனக்கும் சேத்துத்தான் விட்டுருக்கா" என்றார் பாய். "கடக்கரையில இருந்துக்கிட்டு பருப்புச் சோறு திங்கிறேன் டாக்டரம்மா."

எனக்குச் சந்தேகம் தட்டியது. "வேற எதை விட்டீங்க?"

"அந்த மதுரை மாத்திரைய."

"விடக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"அந்த டாக்டரு மனசு கோணக் கூடாதுன்னு மரியாதைக்குச் சொன்னீகன்னு நெனச்சேன். நாட்டு மருந்து எடுக்கையில இங்கிலீசு மாத்திரை ஆகாதுல்ல?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே மதுரைக்குப் போன் போட்டு, நான் சொல்லாத அந்தப் பத்தியத்தை விட்டு மீன் சாப்பிடச் சொல்லி, அன்றைக்கே இருவரையும் அனுப்பி வைத்தேன். ரத்தம் சோதித்து மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்; வீக்கம் வடிய வேறு மருந்தும் கொடுத்தார்கள். அன்று முதல் யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு முன்னால், எதை நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிவப்பு தணியும்வரை நான் எண்ணெயைத் தொடவில்லை. தணிந்ததும் இளஞ்சூட்டு எண்ணெயும் விரல் பயிற்சியும் ஆரம்பித்தோம். பயிற்சி என்ன தெரியுமா? கறுப்பு நூலைப் பாய் கழுத்தில் கட்டுவது. அவர் மணப்பெண் போலத் தலை குனிந்து உட்காருவார். கிளினிக்கே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும்.

"கூச்சமா இல்லையா பாய்?" என்று கேட்டேன்.

"மீனைத் திருப்பிக் குடுத்தீகல்ல, கழுத்தக் குடுத்தா என்ன?"

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கருகமணியை எடுத்தார். ஒரு முறை நூல் நழுவியது. நாத்தனார் கையை நீட்டி, "நான் கட்டுறேன் மச்சி" என்றார் அண்ணியிடம்.

"இரு. வருது."

வந்தது. நாத்தனார் விடவில்லை, முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். நானும் சேர்ந்து போட்ட குலவையில் பக்கத்து மடியில் தூங்கிய குழந்தை வீறிட்டு எழுந்துவிட்டது.