ஜோசபினுக்குக் கிடைத்த சிட்சை

சனிக்கிழமை ஸ்விட்ச் கம்பெனியில் பேக்கிங் செய்துகொண்டிருந்த ஜோசபினின் கையிலிருந்து ஒரு தட்டு ஸ்விட்சுகள் தரையில் கொட்டின. அன்று சாயங்காலமே மேற்பார்வையாளர் மிஸ்ரா எல்லோர் முன்னிலையிலும் இந்தியில் சொன்னார்: "திங்கள்கிழமையிலிருந்து உனக்கு ஷிக்ஷா."

திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி, மராத்தி பேசும் ஊரான கட்கிக்கு வந்தவர் ஜோசபின். தமிழுக்கு அடுத்து அவருக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கற்ற மராத்திதான். மராத்தியில் ஷிக்ஷா என்றால் தண்டனை. சர்ச்சில் கேட்ட சிட்சையும் அதுதான்.

"தட்டக் கீழ போட்டதுக்கா சிட்சை?" என்றார் கணவர் ஜெபகுமார்.

"பின்ன எதுக்கு? அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டாரே."

"போவாத. வீட்டுலயே இருந்து என் சட்டையத் தொவ. அதவிட என்ன தண்டன?"

ஜோசபின் சிரிக்கவில்லை. திங்கள்கிழமை வேலைக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் கூடவே பேக்கிங் செய்யும் சாந்தகுமாரி வாசலில் நின்றாள்.

"ஏட்டி, ஏன் வரல? மீட்டர வச்சு ஸ்விட்ச் டெஸ்ட் பண்ணக் கத்துக்குடுக்காங்க. பேக்கிங்க மூடப்போறாங்களாம். கத்துக்காதவங்களுக்கு வேல கெடையாது."

"ஷிக்ஷான்னாரே?"

"இந்தியில அதுக்குப் படிப்புன்னு அர்த்தம். உன் எடத்துக்கு ஆளு நிக்குது, தெரியுமா?"

ஜோசபின் ஈரச் சேலையோடு அப்படியே கம்பெனிக்கு ஓடினார். நடந்ததைச் சாந்தகுமாரி இந்தியில் சொல்லச் சொல்ல, மிஸ்ராவின் முகம் மாறியது.

"தண்டிப்பேன் என்றா நினைத்தாய்?"

மிஸ்ரா காலியாக இருந்த ஸ்டூலைக் காட்டினார். நாற்பதைத் தாண்டிய ஜோசபின், முதல்முறையாக மீட்டரைப் பிடித்தார்.

அந்தத் தீபாவளிக்குள் பேக்கிங் பிரிவை மூடிவிட்டார்கள். கற்க வராதவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றதை, சோதனை மேசையிலிருந்து அவர் பார்த்தார்.

பிறகு, இரண்டாயிரத்து ஆறில் ஜெபகுமாரின் லாரி வேலை நின்றபோது வீடு ஜோசபினின் சம்பளத்தில் ஓடியது. மகளின் படிப்பும் நிற்கவில்லை. அதுவரை மரியாதையின்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள், தங்களையும் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லி அவரிடம் வந்தார்கள்.

புதியவர்களிடம் மிஸ்ரா "ஷிக்ஷா" என்று தொடங்கும்போதெல்லாம் ஜோசபின் தலை நிமிர்வார். மிஸ்ரா நிறுத்திக்கொள்வார்.

"டிரெய்னிங்," என்பார்.