ஜெனில்டாவின் பன்னிரண்டுக்கு எட்டு

தெரால்து நூற்றுப் பதினெட்டு கிலோ. அவன் மனைவி ஜெனில்டா முப்பத்தொன்பது. பாராகுவாசு ஆற்றுத் துறையில் மரவள்ளி மாவு மூட்டை தூக்கியே அவன் தோள் கதவகலத்துக்கு வளர்ந்திருந்தது. யார் முதலில் போவார்கள் என்பதில் அந்தத் தெருவில் எவருக்கும் சந்தேகமில்லை. ரத்தக் கொதிப்பு பருத்த ஆம்பளைக்கு வருவது, ஒல்லிப் பெண்ணுக்கு அழுத்தம் இறங்கத்தான் செய்யும் என்று ஊரே அடித்துச் சொல்லும். தெரால்துவும் நம்பினான்.

செவ்வாய்தோறும் சுகாதாரப் பணியாளர் இவொனெட்டி ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வருவாள். தெரால்து மாதிரி ஆட்களின் கைக்கு, அழுத்தம் பார்க்கப் புஜத்தில் கட்டும் சாதாரணப் பட்டை போதவில்லை என்று சுகாதார நிலையத்தில் மன்றாடி ஒரு பெரிய பட்டை வாங்கியிருந்தாள். பழையது கிழிந்தபின் எல்லோருக்கும் அதுதான். ஜெனில்டாவின் குச்சிக் கையில் அது இரண்டு சுற்றுச் சுற்றி முழங்கையையும் மூடும். அங்கே அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கித்தான் சொல்வார்கள்: நூற்றிருபதுக்கு எண்பது என்பது பன்னிரண்டுக்கு எட்டு.

"பதினேழுக்குப் பதினொண்ணு. அண்ணே, ஒளிஞ்சு பன்றிக்கறி தின்னீங்களா?"

"இவ காத்தைக்கூட உப்பில்லாமத்தான் குடுக்கறா, நீ வேற!"

"ஜெனில்டா, உனக்குப் பன்னெண்டுக்கு எட்டு. பதினஞ்சு வயசுப் பொண்ணு மாதிரி."

"கேட்டியாய்யா? நீ போனதும் ஒரு மீன்காரனைக் கட்டிக்கப் போறேன்."

"கட்டிக்கோடி. ஒல்லியான ஆளாப் பாரு, கட்டில் பாவம்."

வாய் சிரித்தாலும் அவளுக்கு உள்ளூரப் பயம். உப்பு ஜாடியை அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தாலும் அசையவில்லை, உப்பில்லாத பீன்ஸைத்தான் போட்டாள். அந்த வருடம் அவளுக்கே அடிக்கடி பிடரி வலித்தது, தலை சுற்றியது. தலை சுற்றினால் நாக்கடியில் ஒரு சிட்டிகை உப்பு என்பது அங்கே தாய்ப்பாலுக்கு அடுத்த மருந்து. இவொனெட்டியும் அதையேதான் சொன்னாள்.

ஜூன் மாதம், புனித யோவான் திருநாளுக்கு முதல் நாள் காலை. ஜெனில்டா கஞ்சிக்குச் சோளம் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் தகடு கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனவளுக்கு வலது கை எழவில்லை.

"அழுத்தம் இறங்கிடுச்சு. உக்காருடி. உப்பை எங்க வெச்ச?"

அவள் பேச்சு குழறியது. இடது கையால் புனித அந்தோணி சிலைக்குப் பின்னால் காட்டினாள். அவன் ஒரு சிட்டிகை எடுத்து அவள் நாக்கடியில் வைத்தான். சரியாகிவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். இன்னொரு சிட்டிகை வைத்தான். ஒரு மணி நேரம் போயிற்று. வாய் ஒருபக்கம் கோணிய பிறகுதான் அவளை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். மூட்டை சுமந்த தோளுக்கு அவள் கனமே தெரியவில்லை.

அங்கே செவிலி ஒரு குறுகிய பட்டையைக் கட்டினாள். இருபத்தொன்றுக்குப் பதின்மூன்று.

"இதுக்கு முன்னாடி யாருமே பாக்கலையா?"

"வாராவாரம் பாத்தோம்மா. பன்னெண்டுக்கு எட்டுதான்."

"எந்தப் பட்டையில?"

அவன் தன் புஜத்தைத் தொட்டுக் காட்டினான். செவிலி ஜெனில்டாவின் கையைத் தூக்கிக் காட்டினாள். "மெலிஞ்ச கையில அவ்வளவு பெரிசைக் கட்டினா குறைச்சுத்தான் காட்டும், ஐயா. உடம்பு சின்னதா இருந்தா அழுத்தமும் சின்னதா இருக்கணும்னு ஒண்ணுமில்ல."

மூன்றாம் நாள் ஜெனில்டா போய்விட்டாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்த செவ்வாய்க்கிழமை இவொனெட்டி வந்தாள். பையில் இப்போது இரண்டு பட்டைகள். வாசலிலேயே நின்று அழுதாள். அவளைத் திட்ட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தான், முடியவில்லை. உப்பு வைத்தது அவன் கைதானே. உள்ளே கூப்பிட்டுக் கையை நீட்டினான். பெரிய பட்டை அவன் கைக்குச் சரியாகப் பொருந்தியது.

இவொனெட்டி இரண்டு தடவை பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"சொல்லு, எவ்வளவு?"

"பன்னெண்டுக்கு எட்டு, அண்ணே."

இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒருமுறைகூட வராத எண். உப்பில்லாமல் அவள் ஆக்கிப்போட்ட சோறு கடைசியில் வேலை செய்துவிட்டது. தெரால்து பழக்கதோஷத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியாடி?" என்றான்.