தகட்டில் நான் சொன்ன பொய்

ஒரு குற்றமும் செய்யாத மனிதரைத் திருடன் என்று சொன்னேன். பகை எதுவும் இல்லை. கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. அது இன்னும் சற்று நேரம் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

உத்திரமேரூர் பக்கத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. கொள்ளைக் கூட்டத்தைப் பற்றிய ஒரு படத்தை எங்கள் ஏரிக்கரையில் எடுக்க வந்தார்கள். கொள்ளையனாக நடித்தவருக்கு ஓசையில்லாமல் நடக்கச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். என் வயலில் எலி பிடிக்கும் இருளரை அனுப்பினேன். வளைக்குள் இருக்கும் எலிக்கும் கேட்காமல் வரப்பில் நடப்பவர் அவர். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாளில், படம் உருவான விதத்தைத் தனியாகப் பதிவு செய்தார்கள். இவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று உதவி இயக்குநர் என்னைக் கேட்டார். இருளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவன் பழைய கை. இந்தப் பக்கத்துல இவன் தொடாத பூட்டே இல்ல" என்றேன்.

தியேட்டரில் எங்கள் ஊர் இரண்டு நிமிடம்கூட வரவில்லை. பிறகு டிவிடி வந்தது. நீக்கிய காட்சிகளும் பேட்டிகளும் அதில் கூடுதலாக இருந்தன. வாடகைக்கு எடுத்துவந்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் படத்தைப் போடவே இல்லை. நேரே பேட்டிகளுக்குப் போய், தங்கள் வீடும் மாடும் சித்தப்பாவும் தெரிகிற இடங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். "இன்னா வாத்யாரே, ஈரோவ வுட நீதான் ரொம்ப நேரம் வர" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான்கு மாதம் கழித்துப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டில் நகை காணாமல் போனது. மறுநாளே போலீஸார் இருளரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "நீதான சார் பொட்டில சொன்ன. நீயே வந்து பொய்யின்னு சொல்லிடு சார்." பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ஊர் முன்னால் பொய்யன் ஆக வேண்டுமே என்ற வெட்கத்தில் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். "டிவிடிய நானும் பாத்தேன் சார். படிச்சவங்க நீங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்றார். எழுதிக் கொடுத்தேன், வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளையே நகையை விற்றிருந்தான் என்பது தெரிந்து இருளர் வெளியே வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அவருடைய வலது கை விரல்கள் மடங்கவில்லை. கடப்பாரை பிடிக்க முடியாதவர் வளை தோண்டுவது எப்படி?

அந்தப் பேட்டியை நீக்கும்படி படக் கம்பெனிக்கு எழுதினேன். டிவிடி தகடுகள் ஏற்கெனவே விற்றுப்போய்விட்டன என்று பதில் வந்தது. பிறகுதான் அவர் குடிசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தப் படத்த நான் பாத்ததே இல்ல சார். எங்க வூட்ல கரண்டு ஏது? ஒரு வாட்டி போட்டுக் காமி" என்றார்.

அழைத்து வந்தேன். இத்தனை ஆண்டுகளில் அவர் என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தார். திரையில் நான் அந்தப் பொய்யைச் சொல்லும்போது, பக்கத்தில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை. என்னை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"நானும் சிரிச்சிக்கினு கீறேனே சார்" என்றார். "நீ தமாசு பண்றியேன்னு சிரிச்சேன். நான் சிரிச்சங்காட்டிதான் நெசம்னு நெனச்சிக்கினாங்க போல."

இல்லை, குற்றம் என்னுடையது என்றேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அறுவடைக்கு முன்பே குடும்பத்தோடு ஏதோ செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போனேன். எந்தச் சூளை என்று சொல்ல ஆள் இல்லை. தன் சிரிப்புதான் தன்னைக் கெடுத்தது என்ற நினைப்போடுதான் அவர் போயிருக்கிறார்.