தெரசம்மாள் பேசாமல் இருந்த நாட்கள்

ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து வந்த ஆரோக்கிய செல்வி, எட்டு நாள் குழந்தையை அண்ணன் மனைவி தெரசம்மாளின் மடியில் வைத்தாள்.

“இந்தாங்க அண்ணி, உங்க மகன். பேரு ஞானமுத்து.”

தெரசம்மாள் குனிந்து பார்த்தாள். கை எழவில்லை.

“யாரு புள்ள இது?”

“ஆண்டிமடம் சந்தையில கெடச்சான், தூக்கிட்டு வந்துட்டோம்.”

“அப்படித்தான் இருக்கு” என்றாள், சிரிக்காமல்.

“என்ன அண்ணி, அசதியா?”

“எடுத்துக்க செல்வி. கை வலிக்குது.”

அது எண்பத்திரண்டாம் வருஷம். வரதராசன்பேட்டைப் பக்கம் அந்த வீட்டில், பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கோயில் படி ஏறுவதில்லை. ஞானஸ்நானத்தில் தாய் இடத்தில் நிற்கும் ஞானத்தாய்தான் குழந்தையைத் தூக்கிப் போவாள். செல்விதான் ஞானத்தாய். பெற்றவள் வீட்டில் கிடந்தாள்.

தெரசம்மாள் ஏலாக்குறிச்சிக்காரி. தாய் இல்லாததால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டில்தான். முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தால் ஊர் வம்பை முடிக்காமல் எழமாட்டாள். பிள்ளைக்குத் தன் அப்பா சவரிமுத்துவின் பெயரை வைக்க வேண்டுமென்று ஏழாம் மாதத்திலிருந்தே சொல்லி வந்தாள். வைத்ததோ மாமனார் பெயர். ஆகவே அவள் வாய் மூடியதும், வீட்டாரிடம் காரணம் தயாராக இருந்தது.

“பேருக்காக ஒருத்தி சோறு திங்காம கெடப்பாளா? ஒங்கப்பன் பேரு என்ன ராசா பேரா?” என்று மாமியார் குத்தினாள்.

கணவன் பிலவேந்திரன் பெயரை மாற்றச் சொல்லிப் பங்குச்சாமியாரிடம் போய் மல்லுக்கு நின்றான். பதிவேட்டில் எழுதியது எழுதியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வீட்டிலாவது சவரிமுத்து என்றே கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. கூப்பிட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. முகம் பார்க்காமல் பால் கொடுத்தாள். தண்ணீர் கேட்டால், வயிறு பெருத்துவிடும் என்று அரைத் தம்ளர்தான் வந்தது.

“இவள அப்பன் வூட்டுக்கே அனுப்பிடுவோம். புள்ள இங்க வளரட்டும்” என்றாள் மாமியார். பிலவேந்திரன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் காலை. செல்வி குழந்தைத் துணிகளை அலசக் கிளம்பினாள்.

“நீங்களும் வாங்க அண்ணி, காத்தாட உக்காரலாம்.”

“என்னக் கெணத்தடிக்குக் கூப்பிடாத செல்வி. அங்க போனா உள்ள எறங்கிடலாம்னு தோணுது.”

செல்வி துணிகளைக் கீழே போட்டாள். அண்ணனைக் கூப்பிட்டாள். குழந்தையோடு எல்லோரும் அரியலூர் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேரளத்துக் கன்னியாஸ்திரி. தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லச் சொல்ல, டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்த செல்வி அண்ணனுக்குத் தமிழில் சொன்னாள்.

“கர்ப்பத்துல சில ஹார்மோன் உடம்புல ரொம்ப ஏறுமாம்ண்ணே. நஞ்சுக்கொடி விழுந்ததும் ரெண்டு மூணு நாள்ல சடசடன்னு எறங்கிடுமாம். மூளைக்குள்ள சேதி கொண்டு போற ரசாயனமும் அதோட ஆட்டங்காணும்னு நெனைக்கிறாங்க. பல பேரு தாங்கிடுவாங்க. சில பேருக்குத் தூக்கம், பசி, சந்தோஷம் எல்லாம் நின்னுடுமாம். முழுசா அவங்களுக்கே இன்னும் தெரியாதாம். மாத்திர தராங்க. தண்ணி தாராளமா குடுக்கணும், தூங்க விடணும், தனியா விடக் கூடாது.”

“அப்ப பேரு காரணமில்லயா?”

“இல்லண்ணே.”

பிலவேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான். “சாமியாரோட வேற சண்ட போட்டுட்டு வந்துட்டனே!”

தெரசம்மாளின் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது. செல்வி மட்டும் அதைப் பார்த்தாள்.

மாமியார் அதற்குப் பிறகு அப்பன் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எதுவும் சட்டென்று சரியாகிவிடவில்லை. தெரசம்மாள் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவே பல நாளாயிற்று. மகனைத் தானாகத் தூக்கியபோது அவனுக்குப் பல் முளைத்திருந்தது. திரும்பவும் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். பழைய பேச்சில் பாதிதான் திரும்பி வந்தது.

எண்பத்தாறில், பெரம்பலூரில் டீச்சராக இருந்த செல்வியைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள் தெரசம்மாள். எட்டாம் மாதம். வெயிலில் நடந்து வந்த களைப்பு. தண்ணீர் வாங்கிச் செம்பு முழுவதையும் குடித்தாள். அடுத்த பிரசவத்திலும் இது வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதை இருவருமே மறக்கவில்லை.

“புள்ள பொறந்த மூணாம் நாளு லீவு போட்டுட்டு வந்துடு செல்வி. நல்லாத்தான் இருக்கேன்னு நானே சொன்னாலும், நம்பிட்டுப் போயிடாத.”