அர்ச்சுனன் என்கிற சவரிராயன்

மதலேனம்மாளுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது அவள் பெயர். சிறுவயதில் மாதா கோவிலில் முதல் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் காலத்து உபதேசியார் தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்தது. மொரப்பூர்ப் பக்கத்தில் புளி தட்டிப் பிழைக்கிறவளுக்கு அதற்கு மேல் எழுத்து எதற்கு என்று ஊர் விட்டுவிட்டது, அவளும் விட்டுவிட்டாள்.

புருஷன் ஸ்தனிஸ்லாஸ் கிணற்று வெடியில் செத்தபோது மகன் சவரிராயனுக்கு ஆறு வயது. சர்க்கார் அரிசன ஹாஸ்டலில் சேர்த்தால் மூன்று வேளைச் சோறு நிச்சயம் என்று கூட்டிப் போனாள். எட்மாஸ்டர் பேனாவை மூடிவிட்டார்.

"வேதக்காரப் பேருக்கு இங்க எடமில்லம்மா. அர்ச்சுனன், இந்துன்னு எழுதிக்கட்டா? உன் பேர மாதம்மாள்னு போட்டுக்கறேன்."

"எழுதிக்குங்க சாமி. எந்தப் பேருக்குப் போட்டாலும் சோறு வவுத்துக்குத்தான போவுது."

எட்மாஸ்டர் சிரித்தார். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்கு ரொம்ப நாள் பெருமை. களத்தில் புளி தட்டும்போது அதைப் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தப் பெயரோடுதான் அவன் பத்தாவது முடித்தான், பட்டாளத்திலும் சேர்ந்தான். கழுத்தில் தொங்கிய தகட்டிலும் அதே பெயர், அதே மதம். தகட்டோடு சேர்த்து அம்மா போட்டுவிட்ட, கறுப்புக் கயிற்றில் மாதா படம் தைத்த உத்தரியத்தையும் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தான். லீவில் வந்தால் மட்டும் சவரிராயன் ஆகிவிடுவான்.

எண்பத்து மூன்றில் இலங்கையில் தமிழர்களை வீட்டோடு கொளுத்தினார்கள் என்று கேட்டு ஊரே கொதித்தது. சந்தையில் துண்டு விரித்துக் கேட்ட பையன்களுக்கு மதலேனம்மாள் ஒரு படி கேழ்வரகு போட்டாள். நாலு வருஷம் கழித்து டில்லியும் கொழும்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. யாருக்காகக் கேழ்வரகு போட்டாளோ அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியைப் பிடுங்க அவள் மகனையே அனுப்பினார்கள். பெரிய மனிதர்கள் பெரிய வரைபடத்தை விரித்து வைத்து யோசித்த யோசனை. நாசமாய்ப் போன அந்த வரைபடத்தில் புளி தட்டுகிறவளின் வீடு இருக்குமா என்ன?

ஒரே ஒரு கடிதம் வந்தது. "இங்க எல்லாரும் நம்ம பாஷைதாம்மா பேசறாங்க. தண்ணி கேட்டா கதவ மூடிக்கறாங்க."

ஐப்பசியில் தந்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் மரணம் என்று மட்டும் இருந்தது. மதலேனம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஸ்தனிஸ்லாஸுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னாள். மகன் நல்ல உயரம், குழி நீளமாக இருக்க வேண்டும் என்று தானே அடி வைத்து அளந்து காட்டினாள்.

நாலாம் நாள் ஜீப் வந்தது. தாலுக்கா ஆபீஸ் கிளார்க்கும், ராஜாமணி என்கிற பட்டாளத்துக்காரனும் இறங்கினார்கள். ராஜாமணியின் கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு செம்பு.

"எங்கப்பா என் மவன்?"

அவன் செம்பை நீட்டினான். "அங்கயே எரிச்சிட்டோம்ங்கம்மா. கொற ஒண்ணும் வெக்கல. இந்து மொறப்படி நான்தான் கொள்ளி வெச்சேன்."

"கழுத்துல உத்தரியம் இருந்திருக்குமே?"

"கறுப்புக் கயிறா? தாயத்துன்னு நெனச்சோம்ங்க. அதுவும் கூடவே வெந்துபோச்சி."

கிளார்க் காகிதத்தை நீட்டினார். இறந்தவர் அர்ச்சுனன், இந்து. தாய் மாதம்மாள். அவள் பேனாவை வாங்கி 'ம' என்று போட்டு அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் கிளார்க் கையைப் பிடித்தார். "மாதம்மாள்னு போடும்மா. இல்லாட்டி செம்பக் குடுக்க முடியாது."

அவளுக்கு அந்தப் பெயரை எழுதத் தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற இந்தக் காலத்து உபதேசியார், ஜீப் போனதும் வாயைத் திறந்தார். "இந்துன்னு ரேகை வெச்சிட்ட மதலேனா. எரிச்ச சாம்பலுக்கு நம்ம கல்லறையில எடங் குடுத்தா நாளைக்கு ஊரு என்னக் கேக்கும்."

"பேருதான் சாமி பொய்யி. புள்ள நெசமாச்சே!"

பக்கத்து வீட்டு ராமக்காள், "குடு மதலேனா, கம்பைநல்லூரு ஆத்துல கரைச்சிரலாம்" என்றாள். மதலேனம்மாள் செம்பை மடியிலிருந்து எடுக்கவில்லை.

வெட்டிய குழியைத் திறந்து போட்டால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்று ஊரில் பயம். அன்று சாயங்காலமே வாழைமரம் ஒன்றை வெட்டி வந்து, நீளத்துக்குக் கிடத்தி, மண்ணைத் தள்ளினார்கள். மண் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாளைக்கு மறுநாள் கல்லறைத் திருநாள். அன்றைக்கென்று தருமபுரியிலிருந்து வந்த பங்குச் சாமியாருக்கு நடந்தது எதுவும் தெரியாது. கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் புது மண்மேட்டைப் பார்த்து நின்றார்.

"யாரு இது? பேரென்ன?"

உபதேசியார் கீழே பார்த்தார். ஊர் மொத்தமும் கீழே பார்த்தது.

"சவரிராயனுங்க சாமி," என்றாள் மதலேனம்மாள். "எம் மவன்."

சாமியார் கண்ணை மூடி, சவரிராயனின் ஆன்மா சாந்தி அடைய உருக்கமாக வேண்டினார். வாழைமரத்தின் மேல் மூன்று முறை தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மதலேனம்மாளும் சொன்னாள்.

பிறகு வீட்டுக்குப் போய், புளிக்கூடைக்குப் பின்னால் வைத்திருந்த செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு எந்தப் பெயரைச் சொல்லி வேண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.